நாலு மூட்டை உப்பு

மதுரையில் என் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கி வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் காலை, ராஜபாளையத்தில் எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு சீட்டை ஒட்டினேன். என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழாக்கி, மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தாக எழுதினேன். ஆங்கிலத் தாளில் பதினான்கு வரிகள். நான் எழுதியது பதிமூன்று.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. எண்கள் தெரியும், பஸ் நம்பர் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் சுவரில் ஒட்டத்தான் வேண்டும் என்றாள். நான் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். அவள் ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை அவளே சொன்னாள். முதல் வரி, ஒரு வேளைக்கு ஆறு கரண்டி, மருந்துக் கரண்டியில். ஐந்தாவது வரி, பால், மோர், தயிர் சேர்க்கலாம். பதிமூன்றாவது வரி, படுக்கும் முன் செத்த நேரம் நடக்க வேண்டும்.

விட்டுப்போனது ஏழாவது வரி. இனிப்புகளும், மெல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிற தின்பண்டம் எதுவும் அறவே கூடாது என்பது அது. அதை ஏன் விட்டேன் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பு இரண்டு வாரம், பின்பு நான்கு நாள் என்று தண்ணீராகவே குடித்திருந்தேன். பேனா அந்த வரிக்கு வந்ததும் கை தானாக அடுத்த வரிக்குப் போய்விட்டது. அறையில் ஒரு ஜன்னலை மட்டும் கொக்கி போடாமல் விடுவது மாதிரிதான். அதன் வழியே வெளியே போகப்போகிறேன் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் வீட்டில் காகிதம் என்ன சொல்கிறது என்று சொல்பவன் நான்தான். அப்பா நூற்பாலையில் பஞ்சு மூட்டை இறக்குகிறவர். அம்மா பாண்டேஜ் துணி மடிக்கிற யூனிட்டில் வேலை பார்க்கிறாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலிருந்தே கரண்டு பில், ரேஷன் கார்டு, அப்பாவின் பி.எஃப். தாள் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்லி வருகிறேன். நான் சொன்னால் அது அச்சில் இருப்பதாக அர்த்தம். யாரும் சரிபார்த்ததில்லை, சரிபார்க்கவும் ஆள் இல்லை.

ஆபரேஷன் வரை போனதற்குக் காரணம் எடை மட்டும் இல்லை. இருபத்தைந்து வயதில் நூற்று நாற்பத்திரண்டு கிலோ இருந்தேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு நின்றால் தோளைத் தட்டுவாள். அப்படியே விடிந்ததும் வேலைக்குப் போவாள். டாக்டர்கள் இதற்கு மேல் தள்ளக்கூடாது என்றார்கள்.

என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு அம்மா வராண்டாவிலேயே நின்று எங்கள் தெரு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை நாலு மூட்டைக்குள் வந்துவிட்டால் எடைக்கு எடை கல்லுப்பு போடுவதாக. கடையில் உப்பு இருபத்தைந்து கிலோ மூட்டையாக வரும். நாலு மூட்டை என்றால் நூறு கிலோ. கிலோ என்று சொல்வதைவிட மூட்டை என்றால்தான் ஆத்தாளுக்கும் புரியும் என்று நினைத்தாளோ என்னவோ. அதோடு விடவில்லை. அது நடக்கும் வரை ராத்திரிச் சோறு தொடுவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவள் தட்டு இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“ஒனக்கு ஆறு கரண்டி. எனக்கு அதுகூட வேண்டாம். போட்டியில நான்தாம்ல ஜெயிப்பேன்” என்றாள்.

*

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மற்ற ஊர்களில் ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிப் போவார்களாம். இங்கே பதினைந்து இருபது நிமிட பஸ் தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. சேத்தூரிலிருந்து வந்த சித்தப்பாகூட எங்கள் ஊரைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்ப் பால்கோவா வாங்கிக்கொண்டுதான் திரும்பி வந்தார். ஒரு வாரத்தில் அடுப்படிப் பலகையில் ஒன்பது பாக்கெட் சேர்ந்துவிட்டது.

அம்மா ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டின் முன்னால் நின்றாள். ஐந்தாவது வரியில் விரலை வைத்தாள்.

“ஏலே, இதுவும் பாலுதான?”

“ஆமாம்மா.”

“பாலைச் சுண்டக் காச்சுறதுதான. வேற என்ன இருக்கு இதுல?”

“சீனி கொஞ்சம்.”

“சீனி கூடாதுன்னு எங்கயும் போடலியே. பதிமூணு வரியும் எனக்குத் தெரியும்லா.”

நான் தலையாட்டினேன். அவள் மருந்துக் கரண்டியால் ஒரு கரண்டி வழித்து எடுத்து என் வாயில் வைத்தாள். மெல்ல வேண்டியிருக்கவில்லை. நாக்கில் பட்டதும் இளகித் தொண்டையில் இறங்கிப் போயிற்று. அரை இட்லி தின்றாலே நெஞ்சில் கல் மாதிரி நிற்கிற காலம் அது. பால்கோவா மட்டும் தடையே இல்லாமல் போனது. பத்து நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, உடம்பு முழுக்க வேர்த்தது, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படி ஆகும் என்று ஆங்கிலத் தாளில் ஏழாவது வரிக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தது. புழுக்கத்துக்கு அப்படி வருது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் விசிறிவிட்டாள்.

மூன்று மாதத்தில் உடம்பு பழகிக்கொண்டது. வேர்ப்பது நின்றுவிட்டது. அதைத்தான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

எனக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், பத்திர எழுத்தர் ஒருவரிடம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு நீள அறை. பழைய பத்திரங்களைப் படித்து, நிலத்துக்கு நாலு பக்கமும் என்னென்ன எல்லை என்று பார்த்து, புதுப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து கொடுப்பேன். பத்திரம் பதிவாகிவிட்டால் வாங்கினவர்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இலைத்துண்டில் பால்கோவா வைத்துக் கொடுப்பது வழக்கம். நல்ல நாளில் நாலைந்து பத்திரம் பதிவாகும். வேண்டாம் என்றால் வாங்கினவர்களுக்கு முகம் வாடிப்போகும்.

“எடு தம்பி, எடு” என்பார் எங்கள் முதலாளி. அவரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். “சகுனத் தடையா நிக்காத. வீடு கட்டப் போறாக. ஒன் டாக்டரா வந்து பாக்கப் போறாரு?”

இதற்குள் எடை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. எட்டு மாதத்தில் நூற்று ஆறுக்கு வந்தேன். சட்டையை மூன்று முறை பிடித்துத் தைத்தேன். ஒரே மூச்சில் மூன்றாவது மாடி ஏறினேன். ராத்திரி மூச்சு நிற்பது போயே போய்விட்டது. அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிறகு நூற்று ஆறிலேயே நின்றது. அடுத்து நூற்று ஏழு. அடுத்து நூற்று ஒன்பது.

வீட்டில் எடை மிஷின் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக்கடையில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து நான் சொல்வதுதான் எடை. நூற்று ஐந்து என்றேன். நூற்று மூன்று என்றேன். ஒவ்வொரு தடவையும் அம்மா சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

*

ஒரு வருடப் பரிசோதனையில் மதுரை டாக்டர் என்னை மிஷினில் ஏற்றிவிட்டு, மறுபடியும் ஒருமுறை ஏறச் சொன்னார். பிறகு கோபப்படாமல், மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா சனிக்கிழமைகளில் ராஜபாளையத்திலேயே ஒரு கிளினிக்கில் உட்காருவார்.

நாற்பது வயதிருக்கும். கண்ணாடி போட்டவர், வெளியூர்ப் பேச்சு. அறைக்குள் நுழைந்ததும் வழக்கம் போல் முதலில் நாற்காலியின் கால்களைத்தான் பார்த்தேன். குண்டாக இருந்தவர்களுக்குத் தெரியும், கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவது என்பது ஒரு முடிவு. அவர் அதைக் கவனித்துவிட்டு, “மர நாற்காலிதான், உட்காருங்க” என்றார். பின்பு ஒரு நோட்டு போடச் சொன்னார். சாப்பிடுவதை எல்லாம் எழுத வேண்டும். என்ன, எப்போது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று.

பதினைந்து நாள் கழித்து நோட்டைக் கொண்டுபோனேன். அவர் நிதானமாகப் புரட்டினார்.

“கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு.”

“பத்திர ஆபீஸ்ல வேலை மேடம்.”

“தெரியுது. பதினஞ்சு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு. ஒரு பக்கத்துல கூட ஒரு சொட்டு ரசம் தெறிக்கல.” கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “எப்ப உட்காந்து எழுதினீங்க?”

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. “நேத்து சாயங்காலம்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். திட்டுவார் என்று தோளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தச் சிரிப்பு என்னவோ செய்தது. பால்கோவாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஏழாவது வரியைப் பற்றியும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை ஒரு மணி நேரம் சொன்னேன். பசிக்காகத் தின்னவில்லை, ருசிக்காகவும் இல்லை, ஐந்தாவது வாய்க்கு மேல் இனிப்பே தெரிவதில்லை, ஆனால் கை போகிறது என்றேன்.

“உங்க டாக்டர் வயித்தைத்தான் வெட்டினார். கையை யாரும் வெட்டல” என்றார் அவர். “பழக்கம் அங்கதான் இருக்கு. சரி, எழுத வேண்டாம். எழுதுனா நீங்க ரொம்ப நல்லா எழுதிடுறீங்க. போன்ல பேசிப் பதிவு பண்ணுங்க. சாப்பிட்ட பிறகு இல்ல, கையில எடுக்கும்போதே.”

அப்படித்தான் செய்தேன். கூச்சமாக இருந்தது. அலுவலகத்தில் போனை வாயருகே வைத்துக்கொண்டு முணுமுணுப்பதைப் பார்த்து அண்ணாச்சி, “யாருடா அந்தப் புள்ள, எந்த ஊரு?” என்று கேட்டார். விஷயத்தைச் சொல்ல முடியாமல், “வ. புதுப்பட்டி” என்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் யார் பத்திரம் போட வந்தாலும் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை, பதிவுகளை ஒவ்வொன்றாக ஆலோசகர் அறையில் ஓடவிட்டோம். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. “மணி பதினொன்னேகால். ஒரு தாய்ப்பத்திரம் படிச்சுக்கிட்டு இருக்கேன். இலையில பால்கோவா இருக்கு.” “மணி மூணு. கிரயப் பத்திரம் ஒன்னு பிழை பாத்துக்கிட்டு இருக்கேன்.” “ராத்திரி எட்டு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு பேங்கு பாரம் நிரப்பிக்கிட்டு இருக்கேன்.” பத்து பன்னிரண்டு ஓடியதும் நானே நிறுத்தச் சொன்னேன்.

எல்லாவற்றிலும் நான் எதையாவது படித்துக்கொண்டிருந்தேன், அல்லது எழுதிக்கொண்டிருந்தேன்.

“சின்ன வயசுல படிக்கும்போது?” என்று கேட்டார்.

யோசிக்கவே வேண்டியதில்லை. நான் புத்தகத்தைத் திறந்தால் அம்மா ஒரு தட்டு கொண்டுவந்து வைப்பாள். கையில் சேவு, பொரிகடலை, சீனி தூவிப் பிய்த்துப்போட்ட பழைய தோசை, எது இருந்தாலும். அவளுக்குப் பாடத்தில் உதவத் தெரியாது. பாடம் எது, கதைப்புத்தகம் எது என்றும் தெரியாது. ஆனால் பிள்ளை படிக்கிறான், நாம் சும்மா இருக்கக்கூடாது. தட்டு காலியானால் நிரப்புவாள். தட்டு நிரம்பியிருக்கும் வரை நானும் எழுந்திருக்கமாட்டேன். அப்பா ரேங்க் கார்டில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் மை காய்வதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரோட்டா வாங்கப் போய்விடுவார். எட்டுப் பரோட்டா வரும். ஆறு எனக்கு. நான் தின்னத் தின்ன அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களால் என் படிப்புக்குள் வர முடிந்த ஒரே வழி அதுதான். அந்த வழியை அடைக்க எனக்கு மனசு வந்ததில்லை.

இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். ஆலோசகர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். “அப்ப இனிமே படிக்கும்போது இலையை அடுத்த மேஜைக்குத் தள்ளிடுங்க. சாப்பிடணும்னா எழுந்து போய், காகிதம் இல்லாத இடத்துல உட்காந்து சாப்பிடுங்க. மொதல்ல அது மட்டும்” என்றார். இவ்வளவு அழுததற்கு இவ்வளவு சின்ன மருந்தா என்று தோன்றியது. ஆனால் அந்த வாரம் பதினொன்றேகால் மணிகளில் பாதியாவது பால்கோவா இல்லாமல் போயிற்று.

*

அங்கே உண்மை பேசிக்கொண்டிருந்தேனே தவிர, வீட்டில் பொய்தான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ராத்திரிச் சோறு விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. ஒரு நாள் யூனிட்டில் துணி மடித்துக்கொண்டே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

கட்டிலில் படுத்தபடியே கேட்டாள். “இந்த வாரம் எம்புட்டுய்யா?”

மருந்துக்கடை மிஷின் அன்று காலை நூற்றுப் பதினொன்று காட்டியிருந்தது. “தொண்ணூத்தொம்பது” என்றேன்.

அவள் இன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து அழுதாள். ஆனால் சாப்பிடவில்லை. நேர்ச்சையைச் செலுத்திவிட்டுத்தான் சாப்பிடுவாளாம். அடுத்த நாளே பூசாரியைப் பார்த்து, மறுவாரம் வெள்ளிக்கிழமைக்குத் தராசு சொல்லிவிட்டாள். கோயில் மண்டபத்தில் உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்குகிற பெரிய தராசு. ஒரு தட்டில் நான், மறு தட்டில் நாலு மூட்டை உப்பு. தெருவே வந்து பார்க்கும்.

சனிக்கிழமை ஆலோசகரிடம் ஓடினேன். ஆறு நாளில் பதினொரு கிலோ குறைக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன். பூசாரியைத் தனியாகப் பார்த்து உப்புத் தட்டுக்கு அடியில் ஒரு கல்லைக் கட்டலாமா என்று யோசித்ததையும் சொன்னேன்.  அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அந்தச் சீட்டு இன்னும் சுவத்துல இருக்கா?”

“இருக்கு.”

“இன்னும் பதிமூணு வரியா?”

வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா தாழ்வாரத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஃபைலிலிருந்து ஆங்கிலத் தாளை எடுத்தேன். அடுப்படிச் சுவரிலிருந்து சீட்டைப் பிய்த்தேன். மூலையில் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. இரண்டையும் கீழே பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன்.

“எதுக்குலே அதைக் கிழிச்ச?”

“இங்க ஒரு வரி கூட இருக்கும்மா. நான் எழுதல.”

வாசித்துக் காட்டினேன். எண்ணச் சொன்னேன். அம்மா விரலால் எண்ணினாள். இங்கே பதினான்கு. இங்கே பதிமூன்று. மறுபடி எண்ணினாள். பிறகு எடையைச் சொன்னேன். மருந்துக்கடை மிஷினைச் சொன்னேன். பத்திர ஆபீஸ் இலைகளைச் சொன்னேன்.

“நூத்திப் பதினொண்ணுன்னா எத்தன மூட்டை?” என்றாள்.

“நாலு மூட்டையும் பொறவு பதினோரு கிலோவும்.”

அப்பா துணியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். “ஏலே, படிச்சவன் நீயே பொய் சொன்னா, எங்களுக்கு எப்படிலே தெரியும்? நாங்க யாருட்டப் போய்க் கேப்போம்?”

அவர் கையை ஓங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. உண்மையிலேயே விவரம் கேட்பது போல்தான் கேட்டார்.

அம்மா எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக் காகிதங்கள் மொத்தமும் அதில்தான் இருக்கும். என் முன்னால் கவிழ்த்தாள்.

“படி.”

“எதைம்மா?”

“அம்புட்டையும். மொதல்லேருந்து படி. இதுல எதெல்லாம் விட்டுட்டுச் சொன்னியோ எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுப் பத்திரம் நம்ம பேருலதான் இருக்கா? அவிய பி.எஃப். அவிய பேருலதான் இருக்கா? நான் கைநாட்டு வச்சது எதுக்கு? எல்லாத்தையும் படி.”

என் நெஞ்சில் அதுவரை ஏறாத வெட்கம் அப்போதுதான் ஏறியது. நான் ஒரு வரியைத்தான் விட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருடமாக நான் வாசித்த காகிதங்கள் மேலும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

படித்தேன். ரேஷன் கார்டு, கரண்டு கார்டு, இரண்டு சென்ட் வீட்டுப் பத்திரம், அதன் நாலு எல்லை. அப்பாவின் ஆலைத் தாள்கள். சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகைகளைக்கூட விடவில்லை. “மாப்பிள்ள ஊரு சேத்தூர்னுதான் போட்டிருக்கா, நல்லாப் பாரு” என்று அம்மா மிரட்டினாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ கொட்டினார். அம்மாவின் ரத்த அழுத்தச் சீட்டும் அதில் இருந்தது. ஒரு வேளையும் பட்டினி கிடக்கக்கூடாது என்று டாக்டர் எழுதியிருந்ததை வாசித்தேன்.

“இதை ஏம்ல அப்பமே சொல்லல?”

“சொன்னேம்மா. நீதான் கேக்கல.”

“சொன்னான்ட்டி” என்றார் அப்பா. “நான் சாட்சி. இந்த ஒண்ணுல அவன் பொய் சொல்லல.”

அம்மாவுக்கு உதட்டோரம் லேசாக இழுத்தது. அதை அடக்கிக்கொள்ளவோ என்னவோ எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் அடுத்த தாளை எடுத்தேன். தலை நிமிரும்போது அவள் கையில் ஒரு தட்டோடு வந்துகொண்டிருந்தாள். சேவு. பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறான் அல்லவா. ஆறாம் வகுப்பிலிருந்து அவளுடைய கால்கள் பழகிய வழி அது.

பாதி தூரத்தில் நின்றாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தட்டும் படிப்பும் எனக்குள் எப்படி ஒட்டிக்கொண்டன என்று நான் அவளிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. இலைகளைப் பற்றிச் சொன்னதிலிருந்தே பிடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. அப்படியே திரும்பி, தட்டை அப்பா மடியில் வைத்தாள்.

“நீங்க தின்னுங்க. ஏலே, நீ படி.”

பதினோரு மணிக்குத் தொடங்கியது இரண்டு மணி வரை போயிற்று. பெட்டியில் கடைசித் தாளையும் படித்து முடித்தபோதுதான் கவனித்தேன். மூன்று மணி நேரம் படித்திருக்கிறேன், கை எங்கும் போகவில்லை. தொண்டைதான் வறண்டிருந்தது. அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

“ராத்திரிக்கு ரெண்டு தோசை ஊத்தப் போறேன். எனக்குத்தான்” என்றாள். “ஆத்தாட்ட நான் பேசிக்கிடுதேன்.”

*

தராசை அவள் தள்ளிப்போடவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். நான் தட்டில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். அப்பாவும் பூசாரியும் மறு தட்டில் மூட்டைகளை ஏற்றினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சங்கிலி முறுகியது. நான் தரையிலேயே இருந்தேன்.

கூட்டத்தில் ஒரு பெண் சத்தமாகவே கேட்டாள். “ஏட்டி, நாலுக்குள்ளன்னுல்லா சொன்ன?”

“கூடத்தான் இருக்கான்” என்றாள் அம்மா. “இருக்கட்டும். ஆத்தாளுக்குக் கூட நாலு படி உப்பு கெடைக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாவது மூட்டையைப் பிரித்தார்கள். அதை எப்போது வாங்கி வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. படி படியாக அம்மாவே அள்ளிப் போட்டாள். ஒவ்வொரு படிக்கும் என் பக்கத்துச் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டது. “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்று கூட்டம் எண்ணியது. ஒரு கட்டத்தில் சிமெண்டுத் தரை மெல்ல என்னை விட்டு இறங்கிப் போயிற்று. காற்றில் ஆடிக்கொண்டிருந்தேன். எத்தனை கிலோ என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. இனி நான் சொல்ல எதுவும் இல்லை. ஒரு வருடமாக நெஞ்சில் கட்டியிருந்த கல் அவிழ்ந்த மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். இறக்கிவிட்டபோது கால் மரத்துப்போயிருந்தது.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. இப்போது நூற்று மூன்று. நடுவில் ஒருமுறை நூற்று ஐந்திலிருந்து நூற்று ஏழுக்கு ஏறியது. அதையும் சொன்னேன். சனிக்கிழமைகளில் இன்னும் போகிறேன். பத்திரம் பதிவானால் அண்ணாச்சி இலையை நேராக ஜெராக்ஸ் மேஜைக்கு அனுப்பிவிடுகிறார். சில நாள் நான் எழுந்து அந்த மேஜைக்குப் போய்விடுவதும் உண்டு. பிறகு போனை எடுத்து அதைச் சொல்லிவைக்கிறேன்.

அடுப்படிச் சுவருக்குப் புதிதாகச் சீட்டு எழுதினேன், பதினான்கு வரி. அம்மா அதை உடனே ஒட்டவிடவில்லை. ஆங்கிலத் தாளையும் சேர்த்து மடித்து யூனிட்டுக்குக் கொண்டுபோய், ஆபீசில் கணக்கெழுதுகிற பெண்ணிடம் கொடுத்து, எல்லா வரியும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு டிக் போட்டுக் கொடுத்திருந்தாள். எட்டாவது வரியில் நான் விட்ட ஒரு புள்ளியையும் வைத்திருந்தாள்.

“நீ சரியாத்தான் எழுதியிருக்கியாம்” என்றாள் அம்மா, பசையைத் தடவிக்கொண்டே. “இருந்தாலும் ஒரு ஆளு பாக்கது நல்லதுல்லா.”

நல்லதுதான் என்றேன். ஐந்தாவது மூட்டையில் மிஞ்சிய உப்பு சீட்டுக்குக் கீழே ஒரு வாளியில் இருக்கிறது. அன்றைக்கு ரசத்துக்கு அதிலிருந்துதான் ஒரு கை அள்ளினாள்.